'புராட்டஸ்டண்ட்' என்ற பெயர் 1517இல் பிறந்ததா?

'1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் போப்பாண்டவரை எதிர்த்ததால், எதிர்ப்பாளர்கள் என்ற பொருளில் புராட்டஸ்டண்ட் என்ற பெயர் வந்தது' என்ற தகவல் பரவிவருகிறது. இதில் ஆண்டும் தவறு, எதிர்க்கப்பட்டவரும் தவறு.

பெயர் பிறந்தது 12 ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில். அன்று ஜெர்மன் சிற்றரசுகளை உள்ளடக்கியிருந்தது புனித ரோமப் பேரரசு. சமய விஷயத்தில் அதன் ஒவ்வோர் ஆட்சியாளரும் கடவுளுக்கும் பேரரசருக்கும் பதில் சொல்லும் விதத்தில் நடந்துகொள்ளலாம் என்று 1526இல் அங்கே கூடிய பேரரசின் மன்றம் முடிவு செய்திருந்தது. 1529இல் பெரும்பான்மையினர் அதை ரத்துசெய்தார்கள். ஒருமனதாக எடுத்த முடிவைப் பெரும்பான்மை பலத்தால் மாற்ற முடியாது என்று சமயச் சீர்திருத்தத்தை ஆதரித்த 6 சிற்றரசர்களும் 14 நகரங்களும் முறைப்படி ஆட்சேபம் தாக்கல் செய்தன. அந்தச் சட்ட ஆவணத்தின் பெயர்தான் 'புரோட்டெஸ்டாட்சியோ'; அதிலிருந்தே 'புராட்டஸ்டண்ட்' என்ற பெயர் வந்தது. பேரரசின் தடையாணைக்கு உள்ளாகியிருந்த லூதர் அந்த மன்றத்தில் இல்லவே இல்லை.

லத்தீன் வினை 'புரோட்டெஸ்டாரி'. அதற்குள் இருப்பது 'டெஸ்டிஸ்', அதாவது சாட்சி. பலரறியச் சாட்சி சொல்வது, அறிக்கையிடுவது என்பதே மூலப்பொருள். கண்டனப் போராட்டம் என்று இன்று நாம் கேட்கும் பொருள் ஆங்கிலத்தில் பிற்பாடுதான் வலுத்தது. அதைப் பின்னோக்கி 1529க்குள் திணிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

லூதர் வழியினரோ தங்களை 'நற்செய்தியினர்' என்று அழைத்துக்கொள்வதையே விரும்பினார்கள்.