கதை சொன்னவரை உட்கார வைத்துவிட்டு யாருக்காகக் கதை சொல்கிறீர்கள்?

மக்களின் வாழ்க்கைக் கதைகளைச் சேகரிப்பவர்கள் நடத்திய ஒரு நிகழ்ச்சியின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. ஓர் அம்மா வாழ்ந்த வாழ்க்கையை மேடையில் வேறொருவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். "அப்படி நடக்கலைங்க" என்று கீழிருந்து அந்த அம்மா எழுந்து சொல்கிறார். "நேரமில்லை, அப்புறம் பேசலாம்" என்று உட்கார வைக்கிறார்கள். யாரும் கேட்காதவர்களின் கதையைக் கேட்கத்தான் அந்த நிகழ்ச்சியே நடந்தது!

கதைகளைச் சேகரிக்கிறோம், ஆவணப்படுத்துகிறோம் என்கிறீர்கள். சரி, செய்யுங்கள். ஆனால் கதைக்கு உரியவருக்கு அதன்மேல் உரிமை வேண்டும். தப்பு என்றால் தப்பு என்று சொல்லும் உரிமையாவது வேண்டும்.

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கதையே மாறும். 1936 முதல் 1938 வரை எழுத்தாளர்களுக்கு வேலை கொடுத்த அமெரிக்க அரசுத் திட்டமான ஃபெடரல் ரைட்டர்ஸ் புராஜெக்ட், அடிமைகளாக இருந்து விடுதலையான 2,300-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி எழுதி வைத்தது. கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டி, வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டபோது பழைய எஜமானரை நல்லவர் என்றார். கறுப்பினத்தவர் ஒருவர் போய்க் கேட்டபோதுதான் சவுக்கடியையும், குடும்பங்களைப் பிரித்து விற்றதையும் சொன்னார். முதல் பேட்டி மட்டும் மிஞ்சியிருந்தால் அதுதான் வரலாறு என்று நாமும் படித்துக்கொண்டிருப்போம்.

"நினைவு பிசகும், ஆய்வாளர்தான் சரிபார்க்க வேண்டும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பிசகும்தான், ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஒப்பிட்ட பிறகு அவரிடமே திரும்பிப் போய்க் காட்டுவதில் என்ன கஷ்டம்? அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

"இந்த வேலைக்கே பணமில்லாத காலத்தில் குறை சொல்லலாமா?" என்கிறார்கள். 2025 ஏப்ரலில் வரலாறு, பண்பாடு சார்ந்த வேலைகளுக்கு உதவும் அமெரிக்காவின் மாநில ஹியூமானிட்டிஸ் கவுன்சில்களுக்கான அரசு மானியத்தைப் பாதியில் நிறுத்தியபோது எனக்கும் கோபம் வந்தது. இந்த வேலை நடக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் ஒருவர் கையில் மைக்கைக் கொடுக்க எந்த மானியமும் தேவையில்லை. "நோக்கம் நல்லது" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று எனக்கு இல்லை.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் அதிகமானவர்களை வெளியேற்றினார்கள். 1994-இல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தின் தரையில் பழைய தெருக்களின் வரைபடம் விரித்திருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களே வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். அவர்கள் சார்பில் வேறு யாரும் எழுதவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். என் பாட்டி பிரசவம் பார்த்தவர். ஒரு திட்டத்துக்காக வந்தவர்கள் நாள் கணக்கில் அவரிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். முதுகுவலியோடு உட்கார்ந்து, கொடி சுற்றிப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி, பிழைக்காத தாய்மார்களைப் பற்றி, எங்களிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னார். பிறகு ஒரு சிறு வெளியீடு வந்தது. அதில் பாட்டியின் படம், கீழே "ஒரு கிராமத்து மூதாட்டி". பெயர் இல்லை. பெயர் வேண்டாம் என்று பாட்டி சொல்லவும் இல்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. அந்த வெளியீடுகூட எங்களுக்கு வேறு யாரோ காட்டித்தான் தெரியும். பாட்டி இப்போது இல்லை. அவர் குரலைக் கேட்க வேண்டும் என்றால் எங்களிடம் ஒன்றுமே இல்லை. கேட்டுப் பார்த்தோம், "திட்டம் முடிந்துவிட்டது" என்றார்கள்.

"ஒரு சம்பவத்தை வைத்து எல்லாரையும் குற்றம் சொல்கிறாய்" என்று இதற்குக் கீழேயும் யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். சாதாரண மக்களின் கதைகளைப் பதிவு செய்ய அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பில் பேச வருபவருக்குப் பதிவின் பிரதியைக் கொடுக்கிறார்கள், ஆவணக் காப்பகத்தில் வைக்கச் சம்மதமா என்றும் கேட்கிறார்கள். செய்பவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மற்றவர்கள், உங்கள் அலமாரிகளிலும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் கிடக்கும் பதிவுகளின் பிரதிகளை முதலில் அந்தந்தக் குடும்பங்களுக்குக் கொடுங்கள். புதுக் கதை தேடி அப்புறம் போகலாம்.