அப்படி ஒரு மாத்திரை இருக்கிறதா?

2018 மார்ச் தொடக்கம். இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாமசியில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வருகிற சிங்கள அக்கா ஒருவர், காசைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மல்லி (தம்பி), சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் பிள்ளையே பிறக்காமல் போகிற மாத்திரை ஒன்று இருக்காமே. உங்களுக்குத் தெரியாமல் இருக்காதே?"

"நான் கேள்விப்பட்டதில்லை அக்கே" என்றேன்.

இத்தனை வருசம் கழித்தும் அந்தப் பதில் என்னை உறுத்துகிறது. "இல்லை" என்று நான் சொல்லவில்லை, "கேள்விப்பட்டதில்லை" என்றுதான் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் "பாமசிக்காரனும் இல்லையென்று சொல்லவில்லை" என்று சொல்லியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அதற்கு நாலைந்து நாளைக்கு முன்புதான் அம்பாறையில் அது நடந்தது. பெப்ரவரி 26 இரவு, ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டவரின் தட்டில் வெள்ளையாக ஒரு கட்டி. இது மலட்டு மருந்து என்று சத்தம் போட, கூட்டம் கூடிவிட்டது. காசாளரைச் சுற்றி நின்று போனில் வீடியோ எடுத்தபடியே "மருந்து போட்டாயா, போட்டாயா?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாக வராது. பயத்தில் ஆமென்பதுபோலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் நாடு முழுக்கப் போனது. கடையை அடித்து நொறுக்கினார்கள், பள்ளிவாசலையும் விடவில்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு அந்தக் கட்டியைப் பரிசோதித்துவிட்டு வெறும் மாவு என்று அறிக்கை கொடுத்தார். அதற்குள் 'வந்த கொத்து' என்று பெயரும் வைத்தாயிற்று. (தமிழில் வாசித்தால் எங்கிருந்தோ வந்த கொத்து போல இருக்கும். சிங்களத்தில் 'வந்த' என்றால் மலடு. கொத்து, கொத்து ரொட்டிதான்.)

எனக்குத் தெரிந்ததை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். கருத்தடை மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினால்தான் வேலை செய்யும், இரண்டு நாள் மறந்தாலே உத்தரவாதம் இல்லை. ஒரு தடவை சாப்பாட்டில் போட்டு ஒரு மனிதரை வாழ்நாள் முழுக்க மலடாக்குகிற மாத்திரை உலகத்தில் எங்கும் இல்லை. இருந்தால் மருந்துக் கொம்பனிகள் அதைக் கொத்துக் கடைக்கா விற்றுக்கொண்டிருக்கும்? இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சிங்களமும் எனக்கு நன்றாக வரும்.

ஏன் சொல்லவில்லை? கவுண்டரில் நின்று அரசியல் கதைக்காதே என்பது முதலாளியின் உத்தரவு. அப்புறம், நான் தமிழன். 83 ஜூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களைப் பார்த்த குடும்பம் எங்களுடையது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றே அப்பா வளர்த்தார். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மார்ச் 5, திங்கட்கிழமை. தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் தாக்கியதில் காயப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். தாக்கியவர்களைப் பொலிஸ் ஏற்கெனவே பிடித்தாயிற்று, வழக்கும் இருந்தது. ஆனாலும் பக்கத்துத் திகனயில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எங்கள் பக்கத்துப் பலசரக்குக் கடை முஸ்லிம் நானா மத்தியானமே ஷட்டரை இழுத்துவிட்டு எங்கள் பாமசிக்குள் வந்தார். கையில் நீள வாட்டில் மடித்த ஒரு கொப்பி. "தம்பி, இதைக் கொஞ்சம் வைத்திருங்கள். சாமான் போனால் போகட்டும். இது போனால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?"

அது கடன் கொப்பி. அவர் போன பிறகு புரட்டிப் பார்த்தேன், தப்புத்தான். பாதிக்கு மேல் சிங்களப் பெயர்கள். அரிசி 5 கிலோ, பால்மா, கருவாடு. பிரஷர் மாத்திரை அக்காவின் பெயரும் இருந்தது. ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களில் அந்தக் கொப்பி இன்சுலின் வைக்கிற குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கிடந்தது. கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. திகனயில், அக்குரணையில், அம்பத்தென்னையில் எத்தனையோ கடைக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திகனயில் எரிந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு முஸ்லிம் இளைஞரின் உடலை எடுத்தார்கள்.

வெறுப்புக் குழுக்கள் எப்படி வளர்கின்றன என்று கேட்டால் உடனே தலைவர்களின் பெயரைச் சொல்வோம். 2012இல் பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு, அதை நடத்திய பிக்கு ஞானசார தேரர். 2014 ஜூனில் அளுத்கமவில் அவர் பேசிய பேச்சு, அந்த மாலையே எரிந்த முஸ்லிம் வீடுகள். திகனயில் மஹசோன் பலகாய. மஹசோன் என்றால் சிங்களக் கிராமக் கதைகளில் வருகிற சுடுகாட்டுப் பேய், பலகாய என்றால் படை. பேய்ப்படை என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டவர்களிடம் நாம் என்ன எதிர்பார்க்க முடியும்? இவர்களுக்குப் பின்னால் அரசியல்வாதிகள் இருந்தார்கள், பொலிஸ் கைகட்டி நின்றது என்பதையும் சொல்வோம். எல்லாம் சரிதான்.

ஆனால் இந்த அமைப்புகளில் உறுப்பினர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கொத்துக் கதையைச் சுமந்து போனவர்கள் அவர்களில்லை. பிரஷர் மாத்திரை அக்கா எந்தச் சேனாவிலும் இல்லை. நானாவிடம் கடனுக்கு அரிசி வாங்குபவர். அவரைப் போன்றவர்கள் "அப்படியாமே" என்று கேட்கிறார்கள், என்னைப் போன்றவர்கள் "கேள்விப்பட்டதில்லை" என்று நழுவுகிறோம். வெறுப்பு வியாபாரம் ஓடுகிற ரோடு இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் போகிறது.

பேஸ்புக்கின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. முஸ்லிம்களைக் கொல்லுங்கள், கைக்குழந்தையையும் விடாதீர்கள் என்ற பதிவைப் பற்றி ஒருவர் முறையிட்டார். இது எங்கள் விதிமுறைகளை மீறவில்லை என்று ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் அவர்களிடம் போதவில்லை. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரம் போல மூடியது. பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதம். அம்பாறையில் சிங்களம் தெரியாத காசாளரும், கலிபோர்னியாவில் சிங்களம் தெரியாத கொம்பனியும்! இரண்டையும் சேர்த்து நினைத்தால் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

சரி, நான் பிறகு சொல்கிறேன் என்ற விஷயம். 2014இல் அளுத்கம எரிந்தபோது எங்கள் சொந்தக்கார வட்டத்தில் கேட்ட வார்த்தை, "இப்போது அவங்களுக்கும் விளங்கட்டும்." நான் அதை மறுக்கவில்லை. எனக்குள்ளும் எங்கோ ஒரு மூலையில் அந்தத் திருப்தி இருந்தது. 2018இல் கவுண்டரில் நின்று நழுவியபோதும் அதன் மிச்சம் இருந்தது என்றே நினைக்கிறேன். எங்களுக்கு நடந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் 1990 ஓகஸ்ட் 3 வராது. காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக்கொன்ற நாள் அது. அதே வருசம் ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு 2 மணி நேர அவகாசம் கொடுத்து விரட்டியதும் வராது. நம் சனத்தில் அன்று "இது தப்பு" என்று சத்தமாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்? பயம் ஒரு காரணம். எல்லாருக்கும் பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன்.

கொமெண்டில் யாரோ "அப்படியானால் சஹ்ரான்?" என்று எழுதப் போகிறீர்கள், தெரியும். சஹ்ரானைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சஹ்ரானும் அவருடைய ஆட்களும் நடத்திய தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்கள், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அவர் வளர்ந்த ஊரில் யாருமே வாயைத் திறக்கவில்லை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் தேடிப் பாருங்கள். காத்தான்குடி முஸ்லிம்களே அவருக்கெதிராக முறைப்பாடு கொடுத்தார்கள். 2017 மார்ச்சில் சூபிகளோடு நடந்த மோதலுக்குப் பிறகுதான் அவர் தலைமறைவானார். மாவனெல்லையில் புத்தர் சிலைகளை உடைத்த, சஹ்ரானோடு தொடர்புடையவர்களைத் தேடப் பொலிஸுக்கு உதவியவர் ஒரு முஸ்லிம். 2019 மார்ச்சில் அவர் வீட்டுக்குள் புகுந்து தலையில் சுட்டார்கள். ஏப்ரல் 4இலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. ஊர் சொன்னது, அயல்நாடும் சொன்னது, கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபாலவை 10 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு பக்கத்து வெறி மற்றப் பக்கத்துக்குத் தீனி என்பதை அந்தத் தாக்குதலை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவே எழுதிவைத்திருக்கிறது. பொதுபல சேனாவைத் தடை செய்யுங்கள் என்று 2021இல் பரிந்துரைத்தது. அதே 2021 ஒக்டோபரில் ஜனாதிபதி கோட்டாபய 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்குத் தலைவராக நியமித்தவர் யார் தெரியுமா? ஞானசார தேரர். இதை எழுதும்போதே கைக்கு நம்ப முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை ஒட்டிய ஐசிசிபிஆர் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. மத வெறுப்பைத் தூண்டினால் பிணை எடுப்பதே கஷ்டம். 2019 மே மாதம் அந்தச் சட்டத்தில் அகப்பட்டவர்களில் ஒருவர் ஹசலக்கவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். அவருடைய சட்டையில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சடித்திருந்தது. அதைத் தர்மசக்கரம் என்று நினைத்துவிட்டார்கள். சட்டைக்காக இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அதே மாதத்தில் ஞானசார தேரர் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் கிடைத்த சிறைத் தண்டனையிலிருந்து பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். 2016இல் இஸ்லாத்தைப் பற்றிப் பேசியதற்கு அவருக்கு மேல் நீதிமன்றம் 4 வருசத் தண்டனை கொடுத்தது 2024 மார்ச்சில். எட்டு வருசம். ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும். சட்டம் இத்தனை மெதுவாகவும் இத்தனை கோணலாகவும் வந்தால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெடியனுக்குப் பயம் வராது, எங்கள் ஆள் பெரிய ஆள் என்ற தைரியம்தான் வரும். புதுச் சட்டம் வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருப்பதையே சக்கரச் சட்டைக்குப் பாவிக்காமல் மேடைப் பேச்சுக்குப் பாவித்தால் போதும்.

மாத்திரைக் கதை 2018இல் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். 2019 மே 23 ஒரு சிங்களப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் திரும்ப எழுந்தது. ஒரு முஸ்லிம் டொக்டர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தாராம். சிசேரியன் செய்யும்போது சத்திரசிகிச்சை அறையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று தெரிந்த எவருக்கும் இது நடக்காத காரியம் என்று புரியும். தாதிகள், மயக்க மருந்து டொக்டர், உதவியாளர்கள், இவர்கள் எல்லாரும் 4,000 தடவை கண்ணை மூடிக்கொண்டா நின்றார்கள்? குருநாகல் டொக்டர் ஷாபியைக் கைதுசெய்து இரண்டு மாதம் உள்ளே வைத்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடியும் ஆதாரம் கிடைக்கவில்லை. பிறகு நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, 2022 மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில், அந்தப் பணத்தை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். முதல் பக்கச் செய்தி தெரிந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் பெரிய விஷயம்.

அந்தத் தடவை அக்கா கேட்டபோது நான் நழுவவில்லை. கதிரை போட்டு உட்காரவைத்துச் சொன்னேன். முழுதாக நம்பினாரா என்று தெரியாது. ஆனால் கேட்டார். அடுத்த மாதம் தன் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து "இவளுக்கும் சொல்லுங்கள்" என்றார். மருமகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருசம், பிள்ளையில்லை. வீட்டில் அதற்கொரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. கொத்துக் கதை அந்த வீட்டுக்குள் நுழைந்த கதவு அதுதான். பிள்ளையில்லாதவர்களுக்கான கிளினிக்குக்குப் போகிறவளா என்று கேட்டேன், போவதில்லை என்றாள். முதலில் அதற்குப் போங்கள், உங்கள் கணவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

இப்போது வேறு இடத்தில் வேலை, கண்டி டவுனில். போன கிழமை எங்கள் ஓட்டோத் தம்பி, தமிழ்ப் பெடியன், பனடோல் வாங்க வந்தவன், போனைக் காதுக்குப் பக்கத்தில் நீட்டினான். "அண்ணே, இதைக் கேளுங்களேன்." யாரோ ஒருவன் மூச்சு வாங்கப் பேசுகிறான். இன்ன ஊரில் இன்ன ஆட்களுடைய கடையில் சாமான் வாங்காதீர்கள், பிள்ளைகளுக்கான பிஸ்கட்டில் என்னமோ கலக்கிறார்களாம். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் மட்டும் மாறியிருந்தன.

"யார் பேசுவது?"

"தெரியாது. குரூப்பில் வந்தது."

"பிஸ்கட்டில் என்ன கலந்ததாம்?"

திரும்பப் போட்டுக் கேட்டான். அதில் மருந்தின் பெயரே இல்லை. தலையைச் சொறிந்தான்.

"நான் இதை மூன்று குரூப்புக்கு அனுப்பிட்டேனே அண்ணே."

"சரி, அந்த மூன்றுக்கும் உன் குரலில் இன்னொன்று அனுப்பு."

பனடோல் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் ஓட்டோவுக்குள் உட்கார்ந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான், எடுத்தான், திரும்பக் கொண்டுபோனான். அதற்குள் ஒரு அம்மா இருமலுக்குச் சிரப் கேட்டு வந்துவிட்டார்.