அட்டவணையில் ஏறாத சங்கிலி

அந்த அரிவாள் படத்தைப் பகிர்ந்த தம்பிக்கும், அதன் கீழே சிரிப்புக் குறி போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தப் படம் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாட்களாக எல்லோர் கைப்பேசியிலும் அதுதான் சுற்றுகிறது. ரத்தம் சொட்டும் அரிவாள், பக்கத்தில் குற்ற வழக்குகள் 2019இலிருந்து 2020க்குக் கூடியதாகச் செங்குத்தாக ஏறும் சிவப்புக் கோடு, மேலே நம் நெல்லையைக் குறித்து “அரிவாள் சீமை” என்ற தலைப்பு. பகிர்ந்தவர் வெளியூர்க்காரராக இருந்திருந்தால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை, “புள்ளிவிவரம் பொய் சொல்லாது” என்று ஒரு வரியும் சேர்த்து எழுதியிருக்கிறார். அதுதான் மனதில் தைத்துவிட்டது.

தம்பி, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் இருப்பவை காவல் நிலையங்களில் பதிவான வழக்குகள். பதிவானது வேறு, நடந்தது வேறு. இதையே நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். சலித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு இது வீட்டுக்கதை.

2009 மார்கழி. விடியற்காலையில் என் அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கில் வந்த இரண்டு பேர் முகவரி கேட்பதுபோல நின்று, அவர் கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது அம்மா கோலத்தின் மேலேயே விழுந்து கிடந்தார். புள்ளி வைத்து முடித்து, பாதி இழை இழுத்திருந்த கோலம். சேலை முழுவதும் மாவு. சங்கிலி அறுத்த இடம் கயிற்றுத் தடம்போலச் சிவந்து தடித்திருந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு அப்பாவும் நானும் அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனோம். எந்த நிலையம் என்று எழுத மாட்டேன். அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் இன்று அங்கே இல்லை. ரைட்டர் மேசைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றோம். பிறகு ஒருவர் அப்பாவைத் தனியே அழைத்து, “வழக்குப் போட்டால் அம்மா கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் அண்ணாச்சி. நகை கிடைத்தால் நாங்களே கூப்பிடுகிறோம்” என்றார். மனுவில் “பறித்துச் சென்றனர்” என்று நான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு “தவறவிட்டுவிட்டேன்” என்று எழுதச் சொன்னார்கள். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் தகவல் அறிக்கை கிடையாது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கிடையாது.

அந்த ஆண்டு அறிக்கையிலும் வழிப்பறிக்கு நேரே ஓர் எண் அச்சாகியிருக்கும். அதில் என் அம்மா இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே வாசலில் நின்ற என் கணவரின் பைக் களவு போனது. இந்த முறை மறுநாளே முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்துவிட்டது. நடுவில் காலம் மாறியிருந்தது. 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தாள் இல்லாமல் காப்பீட்டுப் பணம் கிடைக்காது என்பதால் நாங்கள் விடுவதாக இல்லை. காவலர்களுக்கும் அது தெரியும். மற்றத் திருட்டுக் கணக்கைவிட வாகனத் திருட்டுக் கணக்கை அதிகம் நம்பலாம் என்பது இதனால்தான்.

இப்போது அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். 2009இல் குற்றம் பூஜ்யம். 2018இல் ஒன்று. ஊர் கெட்டுவிட்டது என்றுதான் அட்டவணைக்காரர் எழுதுவார். நாங்கள் எந்த ஆண்டில் வாசல் கதவைத் திறக்கப் பயந்தோம் என்பது எங்களுக்கல்லவா தெரியும்?

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 2019இல் 51,56,158. 2020இல் 66,01,285. ஒரே ஆண்டில் 28 சதவீதம் கூடியிருக்கிறது. 2020 என்ன ஆண்டு என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் தம்பி அந்தப் படத்தைத் தொட்டிருக்க மாட்டார். எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டு அது. திருட்டும் வழிப்பறியும் அந்த ஆண்டில் குறைந்தன. கூடியது எது? அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்காக, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் போட்ட வழக்குகள். 2019இல் அவை 29,469. 2020இல் 6,12,179. அதுபோக மற்ற ஊரடங்கு வழக்குகள் தனி.

அந்த ஆறு லட்சத்தில் ஒருவர் என் கொழுந்தனார். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்து மருந்துக் கடையில் இருப்பு இல்லை என்று வண்ணார்பேட்டைவரை போனவரை வழியில் நிறுத்தி, வண்டியைப் பிடித்து வைத்து, வழக்கும் போட்டுவிட்டார்கள். மருந்துச் சீட்டைக் காட்டியும் பயனில்லை. நடந்தே வீடு வந்து சேர்ந்தார், மாத்திரை இல்லாமல். 2021 பிப்ரவரியில் ஊரடங்கு வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறுவதாக மாநில அரசே அறிவித்தது. வழக்கு போய்விட்டது. அந்த ஆண்டு அறிக்கையில் எண் அப்படியே நிற்கிறது. அந்த எண்ணின் பக்கத்தில்தான் அரிவாளை வரைந்து வைத்திருக்கிறார்கள். மாத்திரை வாங்கப் போன மனிதருக்குப் பக்கத்தில்.

“அப்படியானால் எந்த எண்ணையுமே நம்பக் கூடாதா?” என்று ஒருவர் கேட்பார். நம்ப வேண்டும், எதை நம்புவது என்று தெரிந்து நம்ப வேண்டும். கொலைக் கணக்கைப் பாருங்கள். சங்கிலி பறிபோனதை “தவறவிட்டேன்” என்று மாற்றி எழுதலாம், பிணத்தை அப்படி எளிதில் மாற்றி எழுத முடியாது. அதனால்தான் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் காலத்துக்குக் காலம் ஒப்பிடுவதற்கு முதலில் கொலை விகிதத்தை எடுக்கிறார்கள். இந்தியாவில் 1992இல் பதிவான கொலைகள் 40,105. 2022இல் 28,522. இந்த முப்பது ஆண்டில் மக்கள்தொகை ஏறக்குறைய 50 கோடி கூடியிருக்கிறது. லட்சம் பேருக்கு என்று கணக்கிட்டால் 4.6ஆக இருந்தது 2.1ஆகக் குறைந்திருக்கிறது. பாதிக்கும் கீழே! இதை எந்தப் படத்திலாவது பார்த்தீர்களா? ஏன் யாரும் இதற்குக் கோடு வரைவதில்லை? இறங்கும் கோட்டை யாரும் பகிர்வதில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

ஏன் குறைகிறது என்பதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. அமெரிக்காவில் 1991இல் லட்சத்துக்கு 9.8ஆக இருந்த கொலை விகிதம் 2014இல் 4.4க்கு இறங்கியது. பிறகு 2020இல் ஒரே ஆண்டில் சுமார் 30 சதவீதம் ஏறியது, மறுபடி இறங்கியது. காவலர் எண்ணிக்கை, சிறைத் தண்டனை, மக்கள்தொகையில் இளைஞர்களின் பங்கு, மூளையைப் பாதிக்கும் ஈயத்தைப் பெட்ரோலிலிருந்து எடுத்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி இன்றைக்கும் வாதாடுகிறார்கள். படித்தவர்கள் முப்பது ஆண்டாகத் தயங்கும் இடத்தில் நாம் ஒரு படத்தைப் போட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

எண் ஏறுவது சில நேரம் நல்லதாகவும் இருக்கும். 2012இல் நாட்டில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 24,923. மறு ஆண்டே 33,707. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது, குற்றத்தின் வரையறை விரிந்தது, இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே தண்டனை என்று ஆனது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள் படியேறி வந்தார்கள். ஒரே ஆண்டில் ஆண்கள் இவ்வளவு கெட்டுப்போனார்கள் என்று அதைப் படிப்பதா? கேரளத்தைப் பாருங்கள். மொத்த வழக்கு விகிதத்தில் நாட்டில் முன்வரிசையில் நிற்கிறது. கொலை விகிதத்தில் தேசிய சராசரிக்குக் கீழே. பீகார் இதற்கு நேர் எதிர். காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது: இணையவழிப் புகார், மகளிர் உதவி மையம் போன்ற வசதிகள் வந்தாலும் எண்ணிக்கை கூடும், வழக்குகள் கூடுவதைக் குற்றம் கூடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. அறிக்கையின் எண்ணை எடுத்தவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

நம் பக்கத்து ஆட்களையும் நான் விடப்போவதில்லை. படத்துக்குப் பதிலடி என்று நண்பர் ஒருவர், 2018ஐவிட 2020இல் நெல்லை மாவட்டத்தில் கொலை குறைந்திருப்பதாகப் பெருமையோடு போட்டிருக்கிறார். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது, அண்ணாச்சி. சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் ஆலங்குளமும் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டன. பாதி வயலை விற்றுவிட்டுக் களை குறைந்துவிட்டது என்று சொல்வதா? போதாக்குறைக்குக் காப்பகத்தின் மாவட்ட அட்டவணையில் திருநெல்வேலி மாநகரம் ஒரு வரி, மாவட்டம் இன்னொரு வரி. அவர் எந்த வரியை எடுத்தார் என்பதே அதில் இல்லை.

“அரசுக்கு முட்டுக் கொடுக்கிறாயா?” என்று உள்பெட்டியில் வந்து கேட்டவருக்கு: எந்த அரசுக்கு? இந்த அறிக்கை 1953 முதல் வருகிறது.

இன்னொரு கேள்வி வரும், வரட்டும். “நெல்லை நீதிமன்ற வாசலிலேயே வெட்டினார்களே? நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்களே? பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் பட்டப்பகலில் கொன்றார்களே?” என்று. கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும். இருபத்தேழு ஆண்டுகள் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். நாங்குநேரிச் செய்தி வந்த அன்று சோறு இறங்கவில்லை. வெட்டுப்பட்டதும் பள்ளிப் பிள்ளை, வெட்டியதும் பள்ளிப் பிள்ளைகள். மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் போனால் சட்டைக் கையை இழுத்துக் கயிற்றை மூடிக்கொள்வார்கள். அடுத்த பெஞ்சுக்கு மட்டும் தெரியும்படி மறுபடி மேலே தள்ளுவார்கள். எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை ஒரு கயிற்றை அறுத்துப் போட்டேன். மறுநாள் காலை அவனுடைய பெரியப்பா நான்கு பேரோடு பள்ளி வாசலில் நின்றார். பள்ளி நிர்வாகம் என்னைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கேட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னபோது, பல ஆண்டு கழித்தாவது ஒருவர் எழுதினாரே என்று அழுதேன்.

ஆகவே, நடந்த கொலையை மறைக்க நான் வரவில்லை. உங்கள் படம்தான் மறைக்கிறது. அரிவாளை வரைந்துவிட்டால் மண்ணின் குணம், ரத்தத்தின் சூடு என்று பேசி முடித்துவிடலாம். எந்தச் சாதித் திமிர், எந்தக் குடும்பத்து “மானம்” அந்த அரிவாளை எடுத்துக் கொடுத்தது என்று கேட்க வேண்டியிருக்காது. காப்பகத்தின் கணக்கில் ஆணவக் கொலைகள் நாடு முழுவதும் 2019இல் 25, 2020இல் 25, 2021இல் 33. இந்த நாட்டில், ஓர் ஆண்டில், இருபத்தைந்து! நீங்கள் நம்புகிறீர்களா? செய்தித்தாளில் “முன்விரோதம் காரணமாக” என்ற சொல்லை வாரம் தவறாமல் படிக்கிறோம். “குடும்பத் தகராறு” என்று படிக்கிறோம். பாதிக் கொலைகளின் காரணம் அந்த இரண்டு சொற்களுக்குள்ளேதான் புதைந்து கிடக்கிறது என்பது என் சந்தேகம். கொலையை எண்ணிவிட்டார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்பது “தவறவிட்டுவிட்டேன்” என்று எழுதப்பட்டுவிட்டது. என் அம்மாவின் சங்கிலியைப்போல. அங்கேயும் பதிவானது வேறு, நடந்தது வேறு.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று என் மகனே கேட்டான். அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அவன் சென்னையில் வாடகை வீடு தேடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை முன்பணம்வரை பேசி முடித்த வீட்டுக்காரர், சொந்த ஊர் எது என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் தன் கைப்பேசியை எடுத்து இந்தப் படத்தைக் காட்டி, “இது உங்கள் ஊர்தானே தம்பி?” என்றாராம். வீட்டில் கலந்து சொல்வதாகச் சொன்னவர் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிற பிள்ளை என் மகன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இன்றைக்கும் அவர்தான் கோலம் போடுகிறார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். ஆனாலும் பைக் சத்தம் கேட்டால் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறார்.

தம்பி, படத்தை நீக்கிவிடுங்கள். நீக்க மனம் வரவில்லை என்றால், அந்த ஆண்டில் கூடிய வழக்குகள் எவை என்று அதன் கீழே இரண்டு வரி எழுதுங்கள். அதை இன்றைக்கே எழுதினால் நல்லது. நாளை காலை பத்து மணிக்கு என் மகன் இன்னொரு வீடு பார்க்கப் போகிறான்.