ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரிகர்சல்

"இந்த வயசுல ஆர்கெஸ்ட்ராவா?" என்று கேட்கிற எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆமாம், சேர்ந்துவிட்டேன். இளையராஜா பாடல்களை மட்டுமே வாசிக்கிற குழு. நான் பேஸ் கிட்டார், அதாவது பாட்டின் அடியில் கனமான கீழ்ச் சுரங்களை வாசிக்கிற கிட்டார். கூப்பிட்டவன் கல்லூரி நாட்களில் என் பக்கத்தில் நின்று கீபோர்டு வாசித்த அதே நண்பன். இப்போது உறையூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். கடை மாடியில் சரக்கு அடுக்கியிருக்கும் அறைதான் எங்கள் ரிகர்சல் இடம்.

எனக்கு வங்கி வேலை, தினமும் துறையூர் போய் வர வேண்டும். பெண் பிளஸ் டூ. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். இதற்கு நடுவில் இது தேவையா என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள். தேவை என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

ஐம்பதை ஒட்டிய ஆண்களின் நட்பை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பார்த்துக்கொள்கிறோம். "எப்படிடா இருக்க?" "இருக்கேன்டா. ஒரு நாள் உக்காந்து பேசணும்டா." அந்த ஒரு நாள் வருவதே இல்லை. தப்பித் தவறி வந்தாலும் சுகர் எவ்வளவு, பிள்ளைக்கு எந்தக் காலேஜ் என்பதோடு பேச்சு நின்றுவிடும். நேருக்கு நேர் உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேசு என்றால் எங்கள் தலைமுறை ஆண்களுக்கு வாய் வராது. கைக்கு ஒரு வேலை கொடுங்கள், தானாகப் பேசுவோம். தன் கடை கடனில் மாட்டி இரண்டு வருஷமாகத் தூக்கமில்லாமல் கிடந்ததை, ரிகர்சல் முடிந்து கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டே அவன் என்னிடம் சொன்னான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கேபிளைப் பார்த்துத்தான் சொன்னான். டீ குடிக்க உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டான்.

அடுத்த கேள்வி, "அடுத்தவர் போட்ட பாட்டை அப்படியே வாசிக்கிறதுல என்ன இருக்கு? அதுக்குத்தான் கரோக்கி இருக்கே?" இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் கல்லூரியில் வாசித்த காலத்தில் பாட்டு எடுப்பது என்றால் கேசட்டை ரீவைண்ட் செய்து செய்து கேட்பதுதான். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நொட்டேஷன், அதாவது சுரக்குறிப்பு, எழுதிக் கொடுத்தே ஒலிப்பதிவு செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாள் ஊர்ப்பக்கத்து ஆர்கெஸ்ட்ரா கலைஞன் கைக்கு எங்கே வரும்? காதால் பிடித்ததுதான். அதிலும் சின்ன ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டரில் குரல் கேட்கும், புல்லாங்குழல் கேட்கும், வயலின் கேட்கும். பேஸ் மட்டும் எங்கேயோ அடியில் உறுமிக்கொண்டிருக்கும். அதனால் ஊர் மேடைகளில் பேஸ் வாசித்தவர்களில் பலர் கார்டு என்கிற சுரக்கூட்டம் மாறுகிற இடத்தில் அதன் அடிச்சுரமான ரூட் நோட்டை மட்டும் அழுத்திவிட்டு நகர்ந்தார்கள். அதற்கு மேல் கேட்க வழியில்லை.

இன்று நல்ல இயர்போன் இருக்கிறது. யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கலாம். துறையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, 1982-ல் பயணங்கள் முடிவதில்லை படத்தில் வந்த 'இளைய நிலா'வை அப்படிக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்து கிட்டாரை எல்லோரும் சிலாகிப்பார்கள், சரிதான். நான் சொல்வது அதற்குக் கீழே நடப்பது. எஸ்.பி.பி. ஒரு சொல்லை நீட்டி நிறுத்துகிற இடத்தில் பேஸ் சும்மா நிற்பதில்லை. அவர் விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டு மேலே ஏறும், இறங்கும், அடுத்த வரிக்கு அவரைக் கொண்டுவந்து விடும். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுகிறது. குரலை முழுக்க எடுத்துவிட்டாலும் அந்த பேஸ் தனியாக நிற்கும். இத்தனை வருஷம் இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த எனக்கே இது புதுப் பாட்டாக இருக்கிறது. விரலால் வாசித்துப் பார்க்கும்போதுதான், இதை எழுதிய மனிதர் கேட்பவனை எவ்வளவு மதித்திருக்கிறார் என்று புரிகிறது. அந்தக் காலத்து டீக்கடை ரேடியோவில் யாருக்கும் சரியாகக் கேட்காது என்று தெரிந்திருக்கும்தானே? ஆனாலும் எழுதினார். ராஜாவின் குழுவில் பேஸ் வாசித்த சசிதரன் போன்றவர்கள் அதை அத்தனை சுத்தமாக வாசித்துக் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? பாடகர்களுக்கு டிவியில் போட்டி இருக்கிறது, நடுவர் இருக்கிறார், கண்ணீர் இருக்கிறது. வாசித்தவர்களுக்கு, அவர்கள் வாசித்ததை இன்னொருவன் உட்கார்ந்து கற்றுக்கொள்வதை விடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்?

கரோக்கி இதைச் செய்யாது. கல்யாண மண்டபத்தில் இரண்டு பாடகர்கள், ஒரு லேப்டாப், குரலை மட்டும் நீக்கிய மைனஸ் ட்ராக். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. கூப்பிடுகிறவர் கொடுக்கிற காசுக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் ஒரு காலத்தில் திருவிழா மேடையில் முதல் பிள்ளையார் பாட்டு தொடங்கும்போது பதினைந்து பேர் சேர்ந்து மூச்சை இழுத்துப் பிடித்து நிற்பார்கள். அந்தப் பதினைந்து பேர் வாசித்த இடத்தில் இன்று ஒரு பென் டிரைவ் இருக்கிறது. அந்த வித்தை தெரிந்த கைகள் நம் ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

'காப்பி' என்று சொல்பவர்களுக்கு ஒன்று. இளையராஜாவே சின்ன வயதில் தன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்தவர். பிரபலமான சினிமா மெட்டுகளில் கட்சிப் பாட்டை ஏற்றிப் பாடினார்கள். அதற்கப்புறம் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-ல் அன்னக்கிளி வந்தது. மற்றவர் மெட்டை வாசித்து வாசித்துப் பழகிய கைதான் அது. எங்களில் யாரும் இன்னொரு ராஜா ஆகப்போவதில்லை, அது நோக்கமும் இல்லை. அடுத்தவர் பாட்டை ஒழுங்காக வாசிப்பது கேவலமான வேலை இல்லை என்று மட்டும் சொல்கிறேன். மேடை ஏறும்போது முறையாக உரிமம் வாங்கித்தான் ஏறுவோம், பாட்டைப் போட்டவருக்குச் சேர வேண்டியது சேரட்டும்.

நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்தது. எட்டரைக்கு முடித்துவிடுவோம். அதுவரை அம்மாவோடு தம்பி இருக்கிறான். ஷட்டரை முழுசாகத் தூக்காமல் குனிந்து உள்ளே போய், டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொள்வோம். தபேலாக்காரர் ரயில்வேயில் இருக்கிறார், நைட் டூட்டி முடித்து நேராக வருவார். பாடுகிற அக்கா ஸ்ரீரங்கத்தில் டியூஷன் எடுக்கிறவர். அவர் வருவதற்குள் வாத்தியம் மட்டும் வருகிற பிட்டுகளை எல்லாம் ஒரு தடவை ஓட்டிவிடுவோம். சரணத்துக்கு முன்னால் வருகிற இரண்டாவது பி.ஜி.எம்மில் நான் அரை நொடி முந்தினால் நண்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் "மாப்ள, பொறு" என்பான். இருபது வயதில் எந்தக் குரலில் சொன்னானோ அதே குரல். வங்கியில் நான் மேனேஜர் சார், வீட்டில் அப்பா. "மாப்ள, பொறு" என்று என்னைச் சொல்ல இந்த ஊரில் அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களில் சிலருக்கு இப்போது விரல் மடங்குவதில்லை. ஒருவர் உயிரோடு இல்லை. எங்கள் பழைய ட்ரம்ஸ் நண்பன் அவன்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். எங்களிடம் புல்லாங்குழல் இல்லை. இப்போதைக்கு கீபோர்டில் சமாளிக்கிறோம், ஆனால் 'இளைய நிலா'வின் குழலை கீபோர்டில் வாசிப்பதை என் காது ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. திருச்சி, லால்குடி, முசிறிப் பக்கம் குழல் வாசிப்பவர் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கச்சேரி அனுபவம் வேண்டியதில்லை, வயதும் பிரச்சினை இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து வர முடிந்தால் போதும். டீ, போண்டா எங்கள் பொறுப்பு.