வைஃபை பெயரை மறைத்தால் பாதுகாப்பா?

"ரவுட்டரில் வைஃபை பெயரை மறைத்துவிட்டால் யாரும் உள்ளே நுழைய முடியாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

மறைத்தாலும் ரவுட்டர் வழக்கம்போல நொடிக்குச் சுமார் 10 முறை சிக்னல் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். உங்கள் போன் இணையும்போது அந்தப் பெயர் எந்த மறையாக்கமும் இல்லாமல் காற்றில் போகிறது. அருகில் இலவச மென்பொருளோடு காத்திருப்பவர் அதைப் படித்துவிடலாம். இன்னும் மோசம், மறைத்த வைஃபையைத் தேடி போன் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே போகக்கூடும்.

சரி, என்ன செய்யலாம்? ரவுட்டர் செட்டிங்கில் வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3 (WPA3) வையுங்கள், அது இல்லையென்றால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 (WPA2). அப்புறம், தயவுசெய்து செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். வெறும் 10 இலக்கங்களை இன்றைய கணினி சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்.