வாகன ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் போதுமா?

"எங்கட ஊரில் தண்ணீர் உறையிறதில்லை, கூலன்ற் வீண்செலவு, கிணற்றுத் தண்ணீரே காணும்" என்று வட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கலக்கும் திரவமான கூலன்ற், அது உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது, உள்ளே துருப்பிடிக்காமலும் காக்கிறது.

யாழ்ப்பாணத்து நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். அப்புறம் எஞ்சின் சூடேறி, ஹெட் காஸ்கற் (எஞ்சினின் மேற்பகுதியை ஒழுகாமல் அடைக்கும் தகடு) போனால் ஒயிலுடன் தண்ணீர் கலக்கலாம். தண்ணீரும் குறைந்து, ஒயில் மூடியின் உட்புறம் வெளிறிய பசையும் தெரிந்தால் வாகனத்தை ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, கூலன்ற் ஒழுகினால் பச்சையோ சிவப்போ நிறம் காட்டிக்கொடுக்கும். வெறும் தண்ணீர் ஒழுகினால் ஏசித் தண்ணீர் என்றே நினைத்துவிடுவோம். கூலன்றில் கலக்கவும் காய்ச்சி வடித்த நீரையே வாங்குங்கள்.