"பேப்பர் கிளீன்" என்று இனி எவனும் என்னிடம் சொல்ல வேண்டாம்

பதிவுத் தாளில் கோட் 2, அதாவது சாதாரணப் பழைய வண்டி, என்று இருக்கிறதாம், அதனால் வண்டி சுத்தமாம்! இந்த ஒரு வரியை வைத்தே, வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை நம் தலையில் கட்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எத்தனை டீலர்கள் பிழைக்கிறார்கள்!

தங்கை மகளுக்கு ஷிப்ட் வேலை. சாட்ஸ்வர்த்திலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும், அதற்காகத்தான் கார் பார்க்கிறோம். இன்று சேல்ஸ்மேன் காட்டிய வண்டிக்கு வெளியே பளபளவென்று பாலிஷ். டிரைவர் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தேன். கடைசி ஒரு சாணில் காய்ந்த சேறு.

"தம்பி, இது என்ன?"

"முந்தின ஓனர் ஃபார்ம் வச்சிருந்தார், அண்ணா."

பண்ணை வைத்திருந்தால் பெல்ட் சுருளுக்குள் சேறு போகுமா? டிக்கி கார்பெட்டைத் தூக்கினேன். ஸ்பேர் வீல் குழி முழுக்கத் துரு. "கடல் காத்து, அண்ணா." சீட்டுக்கடியில் போல்ட்டெல்லாம் துரு. "எல்லா வண்டியிலயும் இருக்கும், அண்ணா." ஹெட்லைட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது. "நேத்துதான் வாஷ் பண்ணோம், அண்ணா." சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. சில விநாடி எரிந்து அணைய வேண்டிய விளக்கு அது! "பாத்தீங்களா, ஏர்பேக்ல ஒரு கோளாறும் இல்ல" என்கிறான். என்2 நெடுஞ்சாலையில் இதில்தான் எங்கள் பெண் போக வேண்டுமாம். அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே இதைச் செய்ய எப்படி மனசு வருகிறது?

2022 ஏப்ரல் டர்பன் வெள்ளத்தில் புரொஸ்பெக்டன் தொழிற்சாலையில் மூழ்கிய 4,000க்கும் மேற்பட்ட புது வண்டிகளை விற்க மாட்டோம் என்று டொயோட்டா அழித்தது. புது வண்டிக்கே அந்தக் கதி என்றால், தெருவில் மூழ்கியவை எல்லாம் எங்கே போயின? சேதமான வண்டிகளை விற்கும் சால்வேஜ் ஏலத்துக்குப் போயின, பின்வாசல் பட்டறைக்குப் போயின, பாலிஷ் போட்டுக்கொண்டு நம்மிடமே திரும்பி வருகின்றன. பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கைகழுவிய வண்டிகூட கோட் 2 ஆகவே ஏலத்துக்குப் போகலாம். கோட் 3, அதாவது சேதமாகித் திரும்பக் கட்டிய வண்டி, என்று பதிந்தால்தானே வாங்குபவனுக்குத் தெரியும்? இன்சூரன்ஸ் கைகழுவிய வண்டிகளின் பட்டியலைப் பல வருடம் பூட்டி வைத்திருந்து, பிறகுதான் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டு நாமும் தேடலாம் என்று திறந்திருக்கிறார்கள். அதுவும் எதற்கு ஆகும்? இந்த நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸே கிடையாது. காப்பீடு இல்லாமல் மூழ்கிய வண்டி எந்தப் பட்டியலில் ஏறும்?

"ரோட்வொர்த்தி இருக்கே" என்கிறான். அது பிரேக்கையும் லைட்டையும் டயரையும் அன்றைக்குப் பார்த்துக் கொடுத்த தாள். வண்டி தண்ணீரில் கிடந்ததா என்று அது சொல்லாது. 6 மாதத்துக்குள் கோளாறு வந்தால் டீலர் பொறுப்பு என்று நுகர்வோர் சட்டம் இருக்கிறது, சரி. ஊறிய வயரிங் 7ஆம் மாதம் அழுகினால்? தனியாளிடம் வாங்கினால் இன்னும் மோசம், ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடியே வாங்குகிறேன், என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவான்.

வாங்குகிறவர்களே, பேப்பரை ஓரமாக வைத்துவிட்டுப் பெல்ட்டை இழுங்கள், கார்பெட்டைத் தூக்குங்கள். சேல்ஸ்மேன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.